அப்பாவுக்கு இல்லாத வருத்தம்

கழுத்தில் இருந்த கட்டியை வெட்டியெடுத்த பிறகு இரண்டு மாதம் எனக்குக் குரல் வரவில்லை. அதற்காக மன்னார்ப் பள்ளிமுனைக் கோயிலில் நன்றி மெழுகுதிரி கொளுத்தியவர்களும் உண்டு என்று கேள்வி. நான் நண்டுக் கொம்பனியில் மேற்பார்வையாளர். பெண்கள் வரிசையாக இருந்து அவித்த நண்டில் சதை எடுக்கும் மண்டபம் என் பொறுப்பு. ஒரு சின்ன ஓட்டுத் துண்டு சதையோடு போனாலும் நான் போடும் சத்தம் இறங்குதுறை வரைக்கும் கேட்கும். அந்த இரண்டு மாதமும் கையை மட்டும் ஆட்டினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "அன்ரோனெற் அக்கா, இப்ப உங்களைப் பாக்கவே ஆசையா இருக்கு" என்று பக்கத்து மேசை ஸுஹறா சொன்னாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

கட்டி இருந்தபோது ஊரில் அதைத் தைரொயிட் என்றார்கள். இரண்டொருவர் செய்வினை என்றும் சொன்னார்கள். கொழும்பில் வெட்டிச் சோதித்துப் பார்த்தபோது இரண்டும் இல்லை. நரம்புக்கும் சுரப்பிக்கும் நடுவில் உறவு வைத்திருக்கும் ஒருவகைக் கலத்தில் இருந்து வந்த கட்டியாம். பெரும்பாலும் சாதுவான சாதி, ஆனால் குடும்பத்தில் ஓடக்கூடியது. அதனால் என் இரத்தத்தைச் சோதித்தார்கள். பிறகு பரம்பரை நோய்களைப் பார்க்கும் டொக்டர் மதுஷிகாவிடம் அனுப்பினார்கள். வயது முப்பதைத் தாண்டாத பிள்ளை. சிரித்த முகம். எதையும் படம் கீறித்தான் சொல்லுவா.

"அக்கா, இரத்தத்தில காற்றுக் குறைஞ்சா மூளைக்குச் சொல்லுறதுக்கு எங்கட கழுத்தில சின்னக் காவல்காரர் இருக்கினம்" என்று ஒரு கழுத்தைக் கீறினா. "ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் ஒரு எஞ்சின் இருக்கு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. அந்த எஞ்சினுக்கு ஒரு பாகம் செய்யுற ஜீன் உங்களில பிழைச்சுப் போச்சு. பாகம் சரியில்லாட்டி, சுத்திவரக் காற்று இருக்கேக்கையே அந்தக் கலம் தனக்கு மூச்சு முட்டுது எண்டு நினைச்சுக்கொண்டு வளரத் தொடங்கும்."

"ஒண்டுமில்லாததுக்குப் பதகளிக்கிற கலம்" என்று நான் கீச்சுக் குரலில் சொன்னேன். "அப்ப அது எங்கட குடும்பத்துக் கலம்தான் டொக்டர்."

டொக்டர் சிரித்தா. "ஒவ்வொரு ஜீனிலயும் எங்களுக்கு ரெண்டு கொப்பி. ஒண்டு அம்மாட்ட இருந்து, மற்றது அப்பாட்ட இருந்து. உங்கட ஜீனில ஒரு விசேஷம் இருக்கு. பிழையான கொப்பி அம்மாட்ட இருந்து வந்தா அநேகமா ஒண்டும் செய்யாது. அப்பாட்ட இருந்து வந்தாத்தான் கட்டி வரும். ஏன் அப்பிடி எண்டு இன்னும் ஒருத்தருக்கும் முழுசா விளங்கேல்லை. அப்பா இருக்கிறாரோ?"

"இருக்கிறார். அவர் இருக்கிறது ஊருக்கே தெரியும்."

"சகோதரங்கள்?"

"இல்லை. நான் ஒரே பிள்ளை."

"அப்ப பயமில்லை. எதுக்கும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவற்ற இரத்தத்தையும் பாப்பம்."

என் அப்பாவின் பெயர் அருளப்பு. எழுபது தாண்டியும் விடியப் படகு தள்ளுவதற்குத் தோள் கொடுப்பவர். இரண்டு மாதத்துக்கு முந்திய என் குரல் அவருடைய குரலில் பாதி. தகப்பன் வழியாக வரும் வருத்தமாம் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, பாவம், மனிதர் நொந்துபோவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வந்ததோ பெருமை.

"பாத்தியா! நான் அப்பவே சொன்னனான். உன்ட கோபம் என்ட கோபம். உன்ட கால் பெருவிரல் என்ட பெருவிரல். இப்ப வருத்தமும் என்னட்ட இருந்துதான் வந்திருக்கு."

கொழும்பு பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதருக்கு அப்பா மதவாச்சி வரைக்கும் தன் ஜீனைப் பற்றி விளக்கம் சொன்னார். கிளினிக்கில் சேர்ட்டுக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிக்கொண்டு, "எவ்வளவு வேணுமெண்டாலும் எடு பிள்ளை, என்ட மகளுக்கு" என்று தாதியிடம் கையை நீட்டினார். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "டொக்டர்மார் தேடித் திரியிற ஜீன், என்ட உடம்பில இருக்கு" என்றார். கேட்டவர்கள் அவருக்குக் கைகொடுத்தார்கள். எங்கள் ஊரில் எதற்கும் கைகொடுப்பார்கள்.

டொக்டர் மதுஷிகா தொலைபேசியில் அழைத்தபோது, "தனிய வாங்கோ அக்கா" என்றா. அவவின் குரல் சரியில்லை. போனேன். மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்த கண் துடைக்கும் ரிசு பெட்டியை எடுத்து என் பக்கத்தில் வைத்தா.

"உங்கட அம்மா இப்ப..."

"காலமாகிட்டா. நல்ல மனுசி."

"ஓம், நல்ல மனுசிதான்" என்று டொக்டர் அவசரமாகச் சொன்னா, ஏதோ அம்மாவோடு கூடிப் படித்தவ போல. "அக்கா, உங்கட அப்பாட இரத்தத்தில அந்தப் பிழை இல்லை. பிழை உங்களில புதுசாத் தொடங்கியிருக்கலாம். ஆனா அது மெத்த அரிது. சில குடும்பங்களில... இது நாங்கள் வெளியில ஆருக்கும் சொல்லமாட்டம்... அப்பா எண்டு நாங்கள் நினைச்சுக்கொண்டிருக்கிறவர் சில வேளை..."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. இரண்டு மாதம் ஒளித்திருந்த குரல் முழுவதும் அந்தச் சிரிப்போடு வெளியில் வந்துவிட்டது. தாதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தா.

"ஐயோ டொக்டர், அவர் என்னைப் பெத்தவர் இல்லைத்தானே!"

டொக்டர் பேனையைக் கீழே வைத்தா. "அப்ப ஏன் அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"நீங்கள்தானே அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னனீங்கள்."

உங்களுக்கும் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்களில் யாரும் இதைச் சொல்லித் திரிவதில்லை. மறைப்பதும் இல்லை, நினைப்பதும் இல்லை. என்னைப் பெற்றவர் அப்பாவின் தம்பி, விடத்தல்தீவில் இருக்கும் கொலின்ஸ் சித்தப்பா. நான் பிறந்த கிழமை, என்னைப் பெற்ற சின்னம்மாவுக்கு மலேரியாக் காய்ச்சல் பிடித்து ஆளே தப்புவாவோ என்ற நிலை. பிள்ளை இல்லாத என் அம்மா போய் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தா. சின்னம்மா எழும்பி நடக்கத் தொடங்கியபோது என்னைத் திருப்பிக் கொடுக்க அம்மாவின் கை வரவில்லை. "இவள் இஞ்சயே இருக்கட்டுமன்" என்று அப்பா கேட்டாராம். அண்ணன் கேட்டு இல்லையென்று சொல்லும் வழக்கம் அப்போது இல்லை. ஞானஸ்நானத்துக்கு அப்பாவே ஞானத்தகப்பனாக நின்றார். பதிவிலும் அவர் பெயர்தான். கடவுளுக்கும் கந்தோருக்கும் அவர்தான் என் அப்பா. டொக்டர் அப்பாவைக் கேட்டால் நான் வேறு யாரைக் கூட்டிக்கொண்டு போவது?

என் சிரிப்பு அடங்கும்வரை டொக்டர் பொறுத்திருந்தா. பிறகு பேனையை எடுத்தா.

"பெத்தவருக்கு வேற பிள்ளையள் இருக்கினமோ?"

"ஒரு மகன். மில்ரன். என்னைவிட அஞ்சு வயசு குறைவு."

"அவர் சுகமோ?"

"சுகம்தான். கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. திடீரெண்டு வெள்ளைத் துணி மாதிரி வெளிறிப் போவான். வேர்த்து ஊத்தும், நெஞ்சு அடிக்கும், தலை பிளக்கிற மாதிரி இடிக்குமாம். கொஞ்ச நேரத்தில தெளிஞ்சிடும். பேய் கண்ட மில்ரன் எண்டு சனம் பகிடி பண்ணும்."

டொக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அவர் என்ன தொழில்?"

"கடலட்டை பிடிக்கிறது. சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்கடியில இறங்குறவன். தான் பயந்தவன் இல்லை எண்டு காட்டத்தான் அந்தத் தொழிலுக்கே போனவன்."

"அக்கா, அது பயமா இருக்காது" என்றா டொக்டர் மெதுவாக. "உங்களுக்குக் கழுத்தில வந்தது சிலருக்கு வயித்துக்குள்ள வரும். அது சும்மா இருக்காது. அப்பப்ப இரத்தத்துக்குள்ள ஒரு சுரப்பைக் கொட்டும். பிறெசர் எங்கயோ ஏறிப்போகும். கரையில எண்டா இருந்து எழும்பலாம். தண்ணிக்கடியில வந்தா என்ன நடக்கும்? முதல் வேலையா அவரைக் கடலுக்குப் போகாமல் மறியுங்கோ. பிறகு அவரையும் தகப்பனையும் இஞ்ச கொண்டுவாங்கோ."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு இல்லை. நான் ஒரே பிள்ளை என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டு வந்திருந்தேன். எனக்கு ஒரு தம்பி இருந்தான்.

மில்ரனுக்குத் தொலைபேசி எடுத்து டொக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். "எனக்கு ஒண்டுமில்லையக்கா. திங்கட்கிழமை அட்டைக்கு இறங்குறம், எல்லாம் ஆயத்தம். இப்ப நான் ஆஸ்பத்திரிக்குப் போனா பயத்தில போயிட்டான் எண்டு சிரிப்பாங்கள். அப்பா போகச் சொன்னாப் போறன்" என்றான். அப்பா என்று அவன் சொன்னது கொலின்ஸ் சித்தப்பாவை. சித்தப்பா தொலைபேசியை வாங்கினார்.

"ஓ, ஜீன் என்டதோ? ஊர் முழுக்க அண்ணன் தன்ட எண்டு பறை தட்டினவராம். விடத்தல்தீவு வரைக்கும் கேட்டது."

"சித்தப்பா, பகிடி இல்லை. மில்ரனுக்கு ஆபத்து."

"அவனுக்கு ஒரு ஆபத்தும் இல்லை, பயம் மட்டும்தான். எண்டாலும் நான் வாறன். அண்ணன் இஞ்ச வந்து, உன்ட பிள்ளைக்கு உன்ட இரத்தம் வேணும், வா எண்டு தன்ட வாயால கூப்பிடட்டும். வாறன். அவனையும் கூட்டிக்கொண்டு வாறன்."

இந்த வாய்க்கொழுப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. என் கலியாண வீட்டில் சித்தப்பா நல்ல வெறியில் கிளாசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்ன இருந்தாலும் பெத்தவன் நானெல்லோ" என்று மண்டபம் கேட்கச் சொல்லிவிட்டார். அப்பா ஐஸ்கிறீம் வருவதற்கு முன்பே எழும்பி வெளியில் போனார். அதற்குப் பிறகு அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. மடு மாதா திருவிழாவில்கூட ஒருவர் தங்கக் கொட்டில் போட்ட பக்கம் மற்றவர் போட்டதில்லை. அம்மாவின் செத்த வீட்டில் இரண்டு பேரும் பெட்டியின் இரண்டு பக்கமும் நின்று அழுதார்கள்.

அடுத்த நாள் கொம்பனியில் ஸுஹறாவிடம் சொன்னேன். அவள் சிலாபத்துறைப் பக்கம் பிறந்து இங்கே கட்டி வந்தவள். "எங்களில வளத்த பிள்ளைக்கும் பெத்த வாப்பாட பேரைத்தான் போடோணும் அக்கா. இந்தக் குழப்பமே வராது" என்றாள்.

"உங்களுக்கு வசதி. எனக்கு இப்ப என்ன வழி?"

"பேர் பேர்தான், வளத்த ஆள் வளத்த ஆள்தான். அருளப்பு மாமாக்கு நேராச் சொல்லுங்கோ. நண்டை மெதுவாத் தொட்டாத்தான் கடிக்கும். கப்பெண்டு பிடிங்கோ."

பின்னேரம் அப்பா முன்விறாந்தையில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் கப்பென்று பிடித்தேன்.

"அப்பா, உங்கட இரத்தத்தில அது இல்லையாம்."

"எது இல்லை?"

"அந்த ஜீன் பிழை."

"வடிவாப் பாக்கச் சொல்லு."

"பாத்தாச்சு."

"அண்டைக்கு நான் ஒண்டும் சாப்பிடாமல் போனனான், அதுதான் காட்டேல்லை. இன்னொருக்கா எடுக்கச் சொல்லு."

தனக்கு வருத்தம் இல்லை என்று கேட்டு இப்படி முகம் தொங்கிய மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர் என் கழுத்துத் தழும்பைப் பார்த்தார். பிறகு தன் பெருவிரலைப் பார்த்தார்.

"அப்ப அது அவன்டயோ?"

"ஓம் அப்பா."

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி உள்ளே போனார். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எங்கள் வீட்டில் அது பழக்கம். சத்தமில்லாமல் போனதுதான் தாங்க முடியவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிட வரவில்லை. மில்ரனைப் பற்றிச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. குசினியில் நின்று அழுதேன். என் மகள் சுவேதினி வந்து, வெங்காயம் இல்லாமலே ஏன் அழுகிறேன் என்று கேட்டாள்.

காலையில் பார்த்தால் அப்பா முகம் வழித்து, பெருநாளுக்குப் போடும் வெள்ளைச் சேர்ட்டோடு நிற்கிறார். மருமகனிடம் கேட்டு அறிந்துவிட்டார். என் மனிசன் றொகான் ஓட்டோ ஓட்டுகிறவர். அவர் வாயில் எதுவும் தங்காது என்பது இந்த ஒரு முறை உதவியது.

"மில்ரனுக்குத் தண்ணிக்குள்ள வந்தால் ஆள் தப்பாதோ?" என்று கேட்டார் அப்பா.

"தப்பாது எண்டுதான் டொக்டர் சொல்லாமல் சொன்னவ."

"இதை நேற்றே சொல்லுறதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையோ? தம்பி றொகான், ஓட்டோவை எடும்."

மன்னார்ப் பாலத்தைத் தாண்டும் வரைக்கும் அப்பா வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். "கொலின்ஸ், உன்ட பிள்ளைக்கு..." என்று தொடங்குவார். அதோடு நின்றுவிடும். இருமுவார். மறுபடியும் "உன்ட..." என்பார். எனக்குக் கேட்கட்டும் என்று சொல்லவில்லை, ஆனாலும் கேட்டது. அவருடைய கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தேன். பிடித்தேன். கையை இழுக்கவில்லை.

விடத்தல்தீவு இறங்குதுறையில் மில்ரனின் படகில் சிலிண்டர்கள் ஏற்கெனவே ஏறியிருந்தன. திங்கட்கிழமை என்றவன் காலநிலை நல்லதென்று முந்திவிட்டான். சித்தப்பா எஞ்சின் பக்கம் நின்றார். எங்களைக் கண்டதும் இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றினார். அப்பாவும் ஓட்டோவில் இருந்து இறங்கி இடுப்பில் கையை ஊன்றினார். ஒரே மூக்கு, ஒரே வண்டி வயிறு, ஒரே நிற்பு. கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் ஆள் மாதிரி இருந்தது. இந்த இரண்டு பேரில் யாருடைய பெருவிரல் எனக்கு வந்தது என்று எந்த டொக்டர் கண்டுபிடிப்பது?

"வந்த விசயத்தைச் சொல்லலாம்" என்றார் சித்தப்பா, காகத்தைப் பார்த்துக்கொண்டு.

அப்பா தொண்டையைச் செருமினார். "கொலின்ஸ். உன்ட... உன்ட..." முகம் சிவந்துவிட்டது. வரவில்லை. சுற்றி நின்ற பெடியன்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அப்பா ஒரு முறை என்னைப் பார்த்தார், ஒரு முறை படகில் நின்ற மில்ரனைப் பார்த்தார்.

"டேய்! எங்கட பெட்டைக்கும் எங்கட பெடியனுக்கும் உன்ட இரத்தம் வேணுமாம். வந்து ஏறடா ஓட்டோவில!"

சித்தப்பா இடுப்பில் இருந்த கையை எடுத்தார். அவர் கேட்டது இது இல்லை. ஆனால் அவர் பெற்ற பிள்ளைகள் இரண்டு, 'எங்கட' என்று அண்ணன் பங்கு கேட்டதும் இரண்டு. கணக்குப் பார்த்தாரோ, அண்ணன் 'டேய்' என்று கூப்பிட்டுக் கேட்டு எத்தனை காலம் என்று நினைத்தாரோ தெரியாது. மூக்கைப் புறங்கையால் துடைத்தார்.

"சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வாறன் அண்ணை" என்றார்.

மில்ரன்தான் படகை விட்டு வரமாட்டேன் என்றான். "நீங்கள் போங்கோ. நான் இண்டைக்கு இறங்கியே தீருவன். பயந்து ஓடினான் எண்டு..." சொல்லி முடிக்கவில்லை. முகத்தில் இருந்த நிறம் வடிந்து போனது. நெற்றியில் இருந்து வியர்வை ஊற்றியது. சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான்.

"பேய் வந்திட்டுதடோய்!" என்று பெடியன்கள் சிரித்தார்கள்.

அப்பா முழங்கால் தண்ணீரில் பெருநாள் உடுப்போடு இறங்கினார். "ஆரடா சிரிக்கிறது? அது பயமில்லையடா, ஜீன்! எங்கட குடும்பத்து ஜீன்! உங்களில ஆரிட்டயாவது இருக்கோ?"

சிரிப்பு நின்றது. ஒருத்தரிடமும் இருக்கவில்லை.

அப்பா ஒரு பக்கமும் சித்தப்பா ஒரு பக்கமும் பிடித்து அவனைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஓட்டோவில் அவனை நடுவில் இருத்தி, இரண்டு பக்கமும் இரண்டு கிழவர்கள் அண்டை கொடுத்தார்கள். நான் றொகானுக்குப் பக்கத்தில் பாதி இருக்கையில் தொங்கிக்கொண்டு வந்தேன். மன்னார் ஆஸ்பத்திரியில் பிறெசர் பார்த்த தாதி, மெசின் பழுது என்று நினைத்து இன்னொரு மெசின் கொண்டுவந்து பார்த்தா. பிறகு ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தா. அன்றைக்கே அம்புலன்ஸில் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி. உடனே வெட்டவில்லை. முதலில் பிறெசரை அடக்கக் குளிசை கொடுத்து, அதோடு உப்பும் தண்ணீரும் கூடச் சேர்க்கச் சொன்னார்கள். உப்புக் கூட்டிச் சாப்பிடு என்று டொக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. விடத்தல்தீவில் இருந்து கருவாடு பார்சல் பார்சலாகப் போனது. கட்டியை எடுத்த பிறகு கண் விழித்ததும் மில்ரன் கேட்ட முதல் கேள்வி, "ஃபோட்டோ எடுத்தவையோ?" என்பது. எடுத்திருந்தார்கள். இப்போது அவனுடைய கைத்தொலைபேசியில் அந்தப் படம்தான் முன்னால் நிற்கிறது. பகிடி பண்ணிய ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துக் காட்டினான். "இதுதான் பயம். வெட்டி எறிஞ்சாச்சு. உன்டய நீ என்ன செய்யப்போறாய்?" என்று கேட்கிறான். வெளிறுவது நின்றுவிட்டது. நாயைக் கண்டால் மட்டும் இன்னும் ஓடுகிறான். அது ஜீன் இல்லை, டொக்டரிடம் கேட்டுவிட்டோம்.

மாதங்கள் கழித்து எல்லோரையும் ஒன்றாக வரச் சொன்னா டொக்டர் மதுஷிகா. அறைக்குள் கதிரை போதாமல் வெளியில் இருந்து கொண்டுவந்தார்கள். கொலின்ஸ் சித்தப்பாவின் இரத்தத்தில் அந்தப் பிழை இருந்தது. ஆனால் உடம்பில் எந்தக் கட்டியும் இல்லை.

"உங்களுக்கு அது உங்கட அம்மாட்ட இருந்து வந்திருக்கோணும். அதுதான் உங்களை ஒண்டும் செய்யேல்லை. நீங்கள் தகப்பனா இருந்து குடுத்ததாலதான் ரெண்டு பிள்ளையளுக்கும் வந்தது" என்று டொக்டர் சொன்னா.

சித்தப்பாவுக்கு ஒரு பக்கம் கவலை, மறுபக்கம் பெருமை. அப்பாவைக் கடைக்கண்ணால் பார்த்தார். அப்பா உதட்டைப் பிதுக்கினார். "அம்மா அவனுக்குத்தான் குடுத்திருக்கிறா, எனக்குக் குடுக்கேல்லை. சின்னனில இருந்தே அப்பிடித்தான்."

"என்ட மகளுக்கு?" என்று நான் கேட்டேன். அது நெஞ்சுக்குள் கிடந்த கேள்வி.

"உங்களிட்ட இருந்து அவவுக்குப் போயிருந்தாலும் நீங்கள் அம்மா எல்லோ. வருத்தம் வாறதுக்கு இடம் மெத்தக் குறைவு. அவ வளந்த பிறகு தனக்கு இருக்கோ எண்டு பாத்து வைச்சா, பின்னுக்கு வாற ஆம்பிளைப் பிள்ளையளின்ட பிள்ளையளுக்கு உதவும்."

அதைக் கேட்டபோது என் தோளில் இருந்து ஏதோ இறங்கியது. மடு மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கடன்.

டொக்டர் ஒரு பெரிய தாளை மேசையில் விரித்தா. எங்கள் குடும்பம் முழுக்க அதில் இருந்தது. பெண்கள் வட்டம், ஆண்கள் சதுரம். கொலின்ஸ் சித்தப்பாவின் சதுரத்தில் இருந்து மில்ரனுக்கும் எனக்கும் கோடு வந்தது. பக்கத்தில் அப்பாவின் சதுரம். அதில் இருந்தும் எனக்கு ஒரு கோடு வந்தது, ஆனால் விட்டு விட்டு, புள்ளி போட்ட மாதிரி.

அப்பா கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார்.

"இது ஏன் பிள்ளை அறுந்து அறுந்து கிடக்கு?"

டொக்டர் தயங்கினா. "அங்கிள், முழுக்கோடு எண்டா இரத்த வழி. விட்டு விட்டுப் போட்டா வளத்தவர் எண்டு அர்த்தம். உலகம் முழுக்க அப்பிடித்தான் கீறுவினம்."

"உலகத்துக்குத் தெரியாது" என்றார் அப்பா. "பேனையைத் தாங்கோ."

டொக்டர் என்னைப் பார்த்தா. நான் தலையை ஆட்டினேன். பேனையைக் கொடுத்தா. அப்பா வலைப் பொத்தல் முடிகிற மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு இடைவெளியாக நிரப்பினார். தன் சதுரத்தில் தொடங்கி என் வட்டம் வரைக்கும். போதாதென்று திரும்பவும் ஒரு முறை மேலால் இழுத்தார்.

"இப்பிடிப் போட்டா பின்னுக்குப் பாக்கிற டொக்டர்மார் குழம்பிப் போவினம் அங்கிள்" என்றா டொக்டர். அவவுக்குக் கண் கலங்கியிருந்தது. ரிசு பெட்டி இந்த முறை அவவின் பக்கம் இருந்தது.

"குழம்பட்டும். நீங்களும் முதலில குழம்பித்தானே கண்டுபிடிச்சனீங்கள்."

டொக்டர் தன் கோப்புக்கு வேறு ஒன்று கீறிக்கொண்டா. இந்தத் தாளை அப்பா சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது அது கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் வீட்டில் திரு இருதயப் படத்துக்குக் கீழே தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா சாப்பிட வரும்போது அதற்கு முன்னால் போய் நிற்பார். இரண்டு கோடும் என்னிடம் வருகிறது. அப்பாவின் கோடு தடிப்பு. சித்தப்பா அதைப் பார்ப்பார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பார்.